உம்மாவின் பக்கத்து இடம்

ஆணியில் தொங்கிய டிராக்டர் திறப்புச் சாவியை எடுத்துக் கணவனின் கையில் திணித்தாள் றமீஸா.

"இப்பவே மெசின எடுத்துட்டு மையவாடிக்குப் போங்க. அந்தப் பலாக்கட்டைய அரச்சிப் போடுங்க. வாப்பா உம்மாட பக்கத்துலதான் அடங்கணும்."

நபீல் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அங்கே அவளுடைய வாப்பா பளீல் குளிப்பாட்டி முடிந்து வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். விடிகாலையில் சுபஹு தொழுதுவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தவர் எழும்பவே இல்லை. மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்று பள்ளியில் அறிவித்தாகிவிட்டது.

"இந்த நேரத்துலயா?" என்றான்.

"நீங்க வெச்ச நேரம்தான் இது."

ஓதிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது அவளுக்கு.

டிராக்டரின் பின்னால் பூட்டி ஓட்டுகிற மெசின் அது. மரத்தை வெட்டிய பிறகு நிலத்தில் நிற்கும் அடிக்கட்டையைப் பல் வைத்த சக்கரத்தால் சுரண்டிச் சுரண்டித் தூளாக்கிவிடும். பிலிமத்தலாவையில் வீடு கட்டுகிறவருக்கு, குண்டசாலையில் காணி துப்புரவாக்குகிறவருக்கு என்று ஊரார் கட்டைகளையெல்லாம் நபீல் அரைத்துத் தள்ளினான். கெலிஓயா மையவாடியில், அவளுடைய உம்மாவை அடக்கிய கபுறுக்குப் பக்கத்தில், காற்றுக்குச் சரிந்த பலாமரத்தை வெட்டியபோது மிஞ்சிய கட்டை மட்டும் அசையாமல் நின்றது. "மகன், அதக் கொஞ்சம் அரச்சி விடுங்களேன், எனக்கு அந்த எடம் வேணும்" என்று வாப்பா ஜும்ஆவுக்கு ஜும்ஆ கேட்டார். "வார கெழம செய்றேன் மாமா" என்று இவனும் ஒவ்வொரு முறையும் சொன்னான். வாப்பா சிரித்துக்கொண்டே போய்விடுவார். அவருக்குக் கோபப்படத் தெரியாதது இவனுக்கு நல்ல வசதியாகப் போயிற்று.

டிராக்டர் தூறலில் இறங்கிப் போனது. பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. றமீஸா குசினி அடுப்போரம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொறுக்க முடியாமல் அவளே நபீலுக்கு எடுத்தாள்.

"தொடங்கிட்டீங்களா?"

"கீழ் வாசல்ல நிக்கிறேன். உள்ள போக ஏலா."

"ஏன்?"

"வழியில ரெண்டு புதுக் கபுறு ஈக்கி. அதுக்கு மேல டயர் ஏத்தலாமா?"

"வாப்பா கேட்டப்ப அந்தக் கபுறு ரெண்டும் இருந்திச்சா?"

"மழயும் கூடுது..." என்று இழுத்தான்.

"கேக்குறேன்ல. இருந்திச்சா?"

"இல்ல."

பக்கத்தில் நின்ற அவளுடைய அண்ணன், ஹாஷிம் நானா, போனை வாங்கினார். "தங்கச்சி, மய்யித்த சுணக்கப்படாது. எங்க வெச்சாலும் மண்ணுதான்."

"கோடாலியால வெட்டுங்க நானா. ஊர் ஆம்புளய்கள் எத்தன பேர் நிக்கிறீங்க?"

"பலாட வேர் தெரியும்தானே. அந்தியாகும்."

"ஆகட்டும். வெட்டுங்க."

"சரி சரி. பாக்கிறோம், போன வை."

அந்தச் 'சரி சரி'யைச் சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தெரியும். பிள்ளையின் வாயை அடைக்க மிட்டாய் கொடுப்பது போலத்தான் ஹாஷிம் அதைச் சொல்லுவார். அந்தக் கட்டையைத் தன் கையாலேயே பிடுங்கி எறிய வேண்டும் போல் ஆத்திரம் வந்தது. ஆனால் வாசல் படலையைத் தாண்ட வழியில்லை.

வாப்பாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்க ஹாஷிம் வந்தபோது, "என்ன ஆச்சி?" என்று கேட்டாள்.

"வேல நடக்குது" என்றார், அவள் முகத்தைப் பாராமல்.

கடைசியாக வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள். எடம் சரியாயிரும் வாப்பா என்று சொல்ல வாய் எடுத்தாள். அதற்குள் சந்தூக்கு வாசலைக் கடந்து போய்விட்டது.

ஆண்கள் திரும்பியபோது பக்கத்து வீடுகளிலிருந்து சோறு வந்திருந்தது. ஹாஷிம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "அல்ஹம்துலில்லாஹ். உம்மாட பக்கத்துலயே வெச்சாச்சி. மச்சான் எப்படியோ மெசின உள்ள கொண்டுபோய் கட்டைய எடுத்துட்டார்."

"பளீல் நானாக்கு நல்ல மருமகன் வாய்ச்சார்" என்றாள் பக்கத்து வீட்டுக் கைரியா மாமி. மற்றப் பெண்களும் ஆமோதித்தார்கள்.

நபீல் உள்ளே வரவில்லை. வாசலில் குனிந்து, கழற்றிய செருப்பையே சரிசெய்துகொண்டிருந்தான். றமீஸா வெளியே போனாள். அந்த மெசின் ஓடிய நாளில் அவனுடைய காலருக்குள்ளும் காது மடலிலும் புருவத்திலும் மரத்தூள் அப்பியிருக்கும். வாசலில் நிறுத்தித் தட்டிவிட்ட பிறகுதான் உள்ளே விடுவாள். இன்று அவன் உடுத்த சாரம் முழங்கால் வரை செம்மண். வெள்ளைச் சட்டையில் ஒரு துரும்பு இல்லை.

காலரைப் பிரித்து, வழக்கம்போல இரண்டு தட்டுத் தட்டினாள். நபீல் கண்ணை மூடிக்கொண்டான்.

"றமீஸா, நான்..."

பின்னால் கைரியா மாமி வந்து நின்றாள். "என்ன மகள் தட்டுற?"

"மரத்தூள் மாமி" என்றாள் றமீஸா. "உள்ள வாங்க, சோறு ஆறுது" என்று அவனிடம் சொன்னாள்.

ஒன்றும் ஒட்டாத கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவனுக்கு வழிவிட்டு நின்றாள்.