மேதைக்கு ஒரு சிபாரிசுக் கடிதம்

அந்தத் தெருவில் இரண்டு ஃபோட்டோ ஸ்டுடியோக்கள் எதிரெதிரே இருந்தன. ஒன்றுக்கே வேலை போதாது. ஒரு கடைக்காரரைத் தெரு 'மேதை' என்று அழைத்தது. கிண்டலாக வைத்த பெயர்தான். அதை அவர் விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொண்ட பிறகு கிண்டல் செய்தவர்களுக்குச் சுவாரஸ்யம் போய்விட்டது. எதிர்க்கடைக்காரருக்குப் பட்டப்பெயர் கிடையாது. வாடிக்கையாளர்களும் அநேகமாகக் கிடையாது. வருஷக் கடைசிக்குள் வியாபாரம் தேறாவிட்டால் கடையை மூடிவிட்டு, மச்சானின் டைல்ஸ் கிடங்கில் மேற்பார்வைக்குப் போவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. மச்சானிடம் கைகட்டி நிற்பதை மட்டும் அவரால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

இந்த நிலையில்தான் மேதை வெளிநாடு போகப்போவதாக அறிவித்தார்.

"வேலை கிடைச்சிருக்காண்ணே?" என்று எதிர்க்கடைக்காரர் பதவிசாகக் கேட்டார்.

"வேலை கிடைச்சுப் போறவன் கூலிக்காரன் தம்பி. நான் வேலையே இல்லாமப் போகப்போறேன்."

மேதை இருபது வருஷமாகத் தெருவுக்கே விசா ஃபோட்டோ எடுத்தவர். "தாடையைத் தூக்குங்க, காது தெரியணும், சிரிக்கக் கூடாது" என்று சொல்லிச் சொல்லி, தூதரகத்தில் பாதி தன் பொறுப்பு என்ற எண்ணம் அவருக்கு வந்திருந்தது. இருந்தாலும் ஒரு மரியாதைக்காக விசா ஏஜென்டைப் பார்க்கப் போனார். எதிர்க்கடைக்காரரையும் கூட்டிப்போனார். தான் பேசுவதைக் கேட்க ஆள் வேண்டுமே.

ஏஜென்டின் முதுகுக்குப் பின்னால் ஓர் உலகப்படம் ஒரு மூலையில் ஆணி கழன்று தொங்கியது.

"வேலை உத்தரவு இல்லாமப் போக நாலஞ்சு வழி இருக்கு சார். வேலை தேடுற விசா ஒண்ணு. டிகிரி வேணும்."

"டிகிரியை வெச்சு என்னை அளக்க முடியாது."

"அப்ப அது இல்ல. பாயிண்ட் கணக்குல ஒண்ணு இருக்கு. வயசு?"

மேதை சொன்னார். எதிர்க்கடைக்காரர் மின்விசிறியைப் பார்த்தார்.

"பாஸ்போர்ட்ல இருக்கிற வயசு, சார்."

மேதை அதையும் சொன்னார்.

"வயசுக்கு சைபர். முதலீட்டு விசா?"

"கலைஞன்கிட்ட காசைப் பத்திப் பேசலாமா?"

"படிக்கப் போறீங்களா?"

"நான் போய் பெஞ்சுல உக்காந்தா பாடம் நடத்துறவர் கதி என்னாகும்?"

ஏஜென்ட் பேனாவை மூடினார். "மிச்சம் இருக்கிறது சிறப்புத் திறன் விசா. துறையில பெரிய பேரெடுத்தவங்களுக்கு."

மேதை நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இதை முதல்லயே சொல்லியிருந்தா நம்ம ரெண்டு பேருக்கும் நேரம் மிச்சம்."

"அதே துறையில இருக்கிறவங்க சிபாரிசுக் கடிதம் குடுக்கணும். சொந்தக்காரங்க ஆகாது."

மாமனாரும் சகலையும் அதோடு அடிபட்டுப்போனார்கள். துறையில் மேதை சண்டை போடாத ஆள் ஒருவர்தான் மிச்சம். அவர் பக்கத்து நாற்காலியில் இருந்தார்.

"முதல் கடிதம் நீ குடு தம்பி. மத்ததெல்லாம் தானா வரும்."

அன்றைக்கே எதிர்க்கடைக்காரர் எழுத உட்கார்ந்தார். மனைவி அரிவாள்மணையோடு எதிரே உட்கார்ந்துகொண்டாள். 'நன்றாகப் படம் எடுப்பவர்' என்று அவர் படித்துக்காட்டியதும் அவள் கை நின்றது.

"இதுக்குப் பக்கத்து ஊருக்குக்கூட விட மாட்டாங்க. கடல் தாண்டணும்ங்க."

அவர் யோசித்து, 'ஒளிகூட இவரிடம் அனுமதி கேட்டுத்தான் முகத்தில் விழுகிறது' என்று எழுதினார்.

"இது பரவால்ல. இன்னும் கொஞ்சம் தள்ளுங்க."

'இவர் இருக்கும் தெருவில் நான் கேமரா தூக்குவதே அதிகப்பிரசங்கித்தனம்.'

"இது வேணுமா?" என்றாள்.

"ஆளே போயிடப்போறார். இங்க யார் படிக்கப்போறா?"

மேதை கடிதத்தை முதலில் நின்றுகொண்டு படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். மூன்றாவது தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பி, இவ்வளவையும் மனசுல வெச்சுக்கிட்டா எதிர்ல உக்காந்திருந்தே?"

"ஆமாண்ணே. டிக்கெட் எப்ப?"

மேதை சுவரில் மாட்டியிருந்த தன் படத்தையே, புதிதாக அறிமுகமானவரைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மேதையின் கடை வாசலில் ஏணி நின்றது. எதிர்க்கடைக்காரர் மனைவிக்குப் போன் போட்டார். "போர்டை இறக்கறாங்க." இறக்கத்தான் செய்தார்கள். மதியத்துக்குள் அதைவிடப் பெரிய போர்டு ஏறியது: 'ஒளியும் அனுமதி கேட்கும் கலைஞர்.' கண்ணாடி ஷோகேஸில் கடிதம் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கப்பட்டு, கையெழுத்தோடு சட்டத்துக்குள் நின்றது.

எதிர்க்கடைக்காரர் சாலையைக் கடந்து போனார். "அண்ணே, விசா?"

"ராத்திரியெல்லாம் யோசிச்சேன். இப்படிப்பட்ட ஒருத்தன் போயிட்டா இந்தத் தெரு என்ன ஆகறது? நீதான் தம்பி என் கண்ணைத் திறந்தே."

அதன்பிறகு எதிர்க்கடைக்காரரிடம் வந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்சம் பேரும் எதிர்ப்பக்கம் கடிதத்தை ஒருமுறை படித்துவிட்டு வந்தார்கள். மகளோடு வந்த ஓர் அம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "நீங்க கேமரா தூக்கறது அதிகப்பிரசங்கித்தனம்னு நீங்களே எழுதியிருக்கீங்களே சார்?" அவர் மறுக்கவில்லை. கையெழுத்து அவருடையதுதான்.

மச்சான் போன் செய்தார். "மாப்ள, கிடங்குல உங்களுக்கு நாற்காலி போட்டாச்சு. என் கண்ணெதிர்லயே."

எதிர்க்கடைக்காரர் நேரே ஏஜென்டிடம் போனார். ஏஜென்ட் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "டிகிரி?"

"இருக்கு."

"வயசு? பாஸ்போர்ட்ல இருக்கிறது."

சொன்னார்.

"வேலை தேடுற விசாவுக்கே போட்டுப் பாக்கலாம். ஃபோட்டோ எடுத்துட்டு வாங்க."

தன்னைத் தானே எடுத்துக்கொள்ள முடியாது. மனைவி எடுத்தால் தலை இருக்காது. அந்தத் தெருவில் மிச்சம் இருந்தது ஒரு கேமராதான்.

மேதை அவரை வெள்ளைத் திரைக்கு முன்னால் ஸ்டூலில் உட்காரவைத்தார். "வேலை இல்லாமலா போறே? நல்லா விசாரிச்சியா?"

"உங்க கூட வந்தப்பவே எல்லாம் கேட்டுக்கிட்டேன்ணே."

"சிபாரிசுக் கடிதம் வேணும்னா கேளு, கூச்சப்படாதே. ஆனா நான் உள்ளதைத்தான் எழுதுவேன்."

"இந்த விசாவுக்கு அதெல்லாம் கேக்க மாட்டாங்கண்ணே."

"நல்லதாப்போச்சு." மேதை கேமராவுக்குப் பின்னால் குனிந்தார். கண்ணாடிக்கு வெளியே, சாலைக்கு அந்தப்பக்கம், எதிர்க்கடைக்காரரின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. "தாடையைத் தூக்கு. காது தெரியணும். சிரிக்கக் கூடாது."

அவருக்கு அந்த உத்தேசம் இல்லை. ஃபிளாஷ் யாரிடமும் அனுமதி கேட்காமல் அவர் முகத்தில் விழுந்தது.