ஆரோக்கியம்மாள் ஏறாத கார்

1
இந்தக் கதை ஒரு கார்க் கதவிலிருந்து கிடைத்தது. புதுக்கோட்டையில் ஒரு கொட்டகையில் நின்ற பழைய வண்டி. சும்மா சாத்திப் பார்த்தேன். காற்றுக்கூடப் புகாமல் மூடிக்கொண்டது. யாரோ இதற்காகப் பாடுபட்டிருக்க வேண்டும். மற்றதெல்லாம் என் கற்பனை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 1958, ஐப்பசி மாதத்து மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த

வேண்டாம். மழையை நம்பி ஆரம்பித்து ஊறிப்போன கதைகள் என்னிடம் நிறைய உண்டு.

2
மரியசெல்வம் புதுக்கோட்டையில் வாடகைக் கார் ஓட்டினார். கித்தான் கூரையைப் பின்னால் மடக்கிவிடலாம் என்பதால் கல்யாண ஊர்வலங்களில் அந்த வண்டிக்குத்தான் மவுசு. ஆனால் கதவோரத்திலும் கண்ணாடியோரத்திலும் இருந்த ரப்பர் பட்டை காய்ந்து வெடித்து உதிர்ந்துவிட்டது. போன ஐப்பசியில் மனைவி ஆரோக்கியம்மாளையும் கைக்குழந்தையையும் இலுப்பூரில் ஒரு விசேஷத்திலிருந்து அழைத்துவரும்போது மழை பிடித்துக்கொண்டது. கதவிடுக்கில் சாரல் அடித்து, பிள்ளை தொப்பலாக நனைந்து, நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது. அதற்குப்பின் ஆரோக்கியம்மாள் அந்தக் காரில் ஏறவே இல்லை.

(அவளை முதலில் சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன். மனசு ஒப்பவில்லை. பயந்துபோனவள், அவ்வளவுதான். அடித்துவிட்டேன்.)

இப்போது மீமிசலில் அவளுடைய அப்பா கால் முறிந்து படுத்திருக்கிறார். பேத்தியை அவர் இன்னும் பார்த்ததில்லை. வானமோ கறுத்துக் கிடக்கிறது.

"பஸ்ஸுல போய்க்கிறேங்க. அந்தக் கார்ல பிள்ளைய ஏத்த மாட்டேன்."

மரியசெல்வம் மறுநாள் திருச்சிக்குப் போய்ப் புது ரப்பர் பட்டை வாங்கிவந்தார்.

3
பழையதைக் கத்தியால் சுரண்டினார். மிச்சப் பிசுக்கை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். சொல்யூஷன் தடவி, புதுப் பட்டையை விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். வளைவில் சுருங்கியது, பிய்த்தெடுத்து மறுபடி ஒட்டினார். கடைசியில் கதவு சாத்தவே வரவில்லை, பட்டை அத்தனை தடிமன். கயிற்றால் இறுக்கிக் கட்டிப்போட்டார். மறுநாள் பட்டை அமுங்கி, கதவு வழிக்கு வந்தது.

("ஒவ்வோர் அழுத்தலிலும் அவர் தன் மனைவியிடம் மன்னிப்பு" என்று ஒரு வாக்கியம் தொடங்கிவிட்டேன். விடுங்கள். அவருக்குப் பேசவராது. ஒட்டிக்கொண்டிருக்கிறார்.)

4
"நான் உள்ள உக்காந்துக்கிறேன். நீ மேல தண்ணிய ஊத்து."

கூரை, கதவு, கண்ணாடி என்று குடத்தைக் கவிழ்த்தாள் ஆரோக்கியம்மாள்.

"நனையுதாங்க?"

"இல்ல!"

"பொய் சொல்லாதீங்க."

கதவைத் திறந்து அவர் சட்டைத் தோளைத் தடவினாள். காய்ந்திருந்தது. சீட்டைத் தடவினாள். அதுவும்தான்.

"எறங்குங்க. நான் உக்காந்து பாக்கணும். நீங்க ஊத்துங்க."

ஒரு காலை உள்ளே வைத்தவள் நின்றாள். திரும்பிப் போய்ப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

5
இங்கே இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில், பிள்ளையின் நெற்றியில் ஒரு சொட்டு விழுகிறது. அதை எழுதிய தாளைக் கசக்கிவிட்டேன். அந்த மனிதரை அப்படிச் செய்ய எனக்குத் தைரியமில்லை. இன்னொன்றில், தாத்தா பேத்தியைக் கட்டிலில் வாங்கிக்கொள்கிறார். அது அவர்கள் மீமிசல் போனபிறகு நடக்க வேண்டியது. இவர்கள் இன்னும் வாசலில்தான் இருக்கிறார்கள்.

மரியசெல்வம் குடம் குடமாக ஊற்றுகிறார். கண்ணாடிக்குப் பின்னால் ஆரோக்கியம்மாள் ஏதோ சொல்கிறாள்.

"என்னது? கேக்கல!"

அவள் மறுபடி சொல்கிறாள். ஒரு கை பிள்ளையை அணைத்திருக்கிறது. மற்றது ஸ்டியரிங்குக்குப் பின்னால் காலியாக இருக்கும் சீட்டைக் காட்டுகிறது. முகத்தில் சிரிப்பா, அழுகையா? கண்ணாடியில் தண்ணீர் ஓடுவதால் சரியாகத் தெரியவில்லை. நானும் வெளியேதான் நிற்கிறேன்.

அவர் குடத்தை வைத்துவிட்டுக் குனிகிறார். உங்களுக்கு ஏதாவது கேட்கிறதா?