கிணற்றில் போட்ட கல்

அந்தக் கூட்டத்தில் அவளுக்கு வைத்த பெயர் கொறடு. பல் க்ளினிக்கில் வேலை பார்க்கிறாள் என்பதால். பல்லைப் பிடுங்குவது டாக்டர், நான் சுத்தம் மட்டும்தான் செய்கிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். “ரெண்டுமே அடுத்தவ வாய்க்குள்ள கைய விடற வேலைதானேடி” என்று தலைவி வீடே அதிரச் சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

தலைவி என்பதும் பட்டப்பெயர்தான். அதை அவளே தனக்கு வைத்துக்கொண்டாள். தெரியாத தேசத்தில் புருஷன் வேலைக்குப் போனதும் சுவரோடு பேசிக்கொண்டிருக்கும் தமிழ்ப் பெண்களுக்காக ‘சனிக்கிழமைத் தோழிகள்’ என்ற கூட்டத்தை ஆரம்பித்தவள் அவள். அவள் வீட்டு ஹாலில்தான் கூடுவார்கள். டீ, பிஸ்கட், ஊர்க்கதை. கூட்டத்துக்கு மூலதனம் என்று ஒன்று உண்டென்றால் அது தலைவியின் சிரிப்பு. தலையைப் பின்னால் சாய்த்து, மேல்வரிசைப் பல் அத்தனையும் தெரிய, தொடையில் தட்டிச் சிரிப்பாள். புதிதாக வந்து வாசலில் தயங்கி நிற்கிறவள் அதைக் கேட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிடுவாள். கொறடும் அப்படித்தான் வந்தாள்.

கூட்டத்தில் ஒரு தலையணை உண்டு. கருஞ்சிவப்பு உறை போட்ட சோஃபாத் தலையணை. அது யார் மடியில் இருக்கிறதோ அவள்தான் பேச வேண்டும், மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பேசி முடித்ததும் அடுத்தவள் மடியில் போட வேண்டும். “இங்க சொன்னது இந்த ஹாலத் தாண்டாது.” இதெல்லாம் தலைவி போட்ட சட்டம்.

கொறடு தன் விஷயத்தைத் தலையணையை வைத்துக்கொண்டு சொல்லவில்லை. தலைவியின் சமையலறையில், கழுவிய டம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். அவளும் புருஷனும் பேசி மாதக்கணக்கில் ஆகிவிட்டது. சண்டை எதில் ஆரம்பித்தது என்று கேட்டால் இரண்டு பேருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. அவன் ஹாலில் சோஃபாவில் படுக்கிறான். இவள் உள்ளே படுக்கிறாள். சோற்றை ஆக்கி மேஜையில் வைத்தால் இவள் குளிக்கப் போயிருக்கும் நேரம் பார்த்துச் சாப்பிட்டுவிடுகிறான்.

“அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

“ச்சீ பைத்தியமே. என்கிட்ட சொன்னா கிணத்துல போட்ட கல்லு மாதிரிடி.”

அடுத்த சனிக்கிழமை கொறடுக்கு க்ளினிக்கில் வேலை இருந்தது. தலைவி தலையணையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, “நம்ம கொறடு பாவம், யாரும் அவகிட்ட கேட்டுடாதீங்க” என்று ஆரம்பித்து, சோஃபா வரைக்கும் சொல்லி முடித்திருக்கிறாள். ரொட்டிக் கடையில் வேலை பார்க்கும் பெண், எல்லோரும் பேக்கரி என்று கூப்பிடுகிறவள், இதைப் பிறகு கொறடிடம் சொன்னாள். அவள் மனசில் எதுவும் தங்காது. அதற்குள் கேட்டவள் ஒருத்தி தன் புருஷனிடம் சொல்லியாகிவிட்டது. அந்தப் புருஷனும் கொறடின் புருஷனும் ஒரே சரக்குக் கிடங்கில் வேலை. சாப்பாட்டு அறையில் நாலு பேர் முன்னால் கேட்டிருக்கிறான்: “என்ன மாப்ளே, சோஃபா மெத்துன்னு இருக்கா?”

அந்த வாரம்தான் கொறடின் புருஷன் காலையில் இரண்டு டம்ளர் காப்பி போட ஆரம்பித்திருந்தான். ஒன்றைத் தான் குடித்துவிட்டு, மற்றதை மூடி வைத்துவிட்டுப் போவான். பேச்சு கிடையாது. ஆனால் காப்பி இருந்தது. அந்தக் கேலியைக் கேட்டுவிட்டுக் கிடங்கிலிருந்து வந்த அன்று இரண்டாவது டம்ளரைக் கழுவி அலமாரியில் கவிழ்த்தான்.

“ஊர் பூரா தண்டோரா போட்டாச்சா?”

பல மாதங்களுக்குப் பிறகு அவன் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. கடைசிப் பேச்சும் கிட்டத்தட்ட அதுதான். வேறு நகரத்தில் இருந்த கிடங்குக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

கொறடு தலைவியிடம் போய்க் கேட்டாள். “உன் நல்லதுக்குத்தானேடி சொன்னேன்? நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தானே உனக்கு ஆறுதலா இருப்பாங்க?” என்றாள் தலைவி. ஹாலில் இருந்தவர்கள், எழவு வீட்டுக்கு வந்தவர்களைப் போல கொறடின் முதுகைத் தடவினார்கள். அன்றோடு அவள் போவதை நிறுத்தினாள். இருந்த வீட்டையும் காலி செய்துவிட்டு, நகரத்தின் மறு கோடியில் வேறு க்ளினிக்கில் சேர்ந்தாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அதே ஹாலில், அதே பெண்கள் முன்னால், அதே வாய் சொல்ல வேண்டும்: சொல்லாதே என்று சொன்னதைச் சொன்னேன், அவள் குடும்பத்தைக் கெடுத்தேன். பஸ்ஸில் போகும்போது அதை நினைத்தாள். தலைக்குச் சோப்புப் போடும்போது நினைத்தாள். தலைவியை மன்னிக்கும் எண்ணமெல்லாம் இல்லை. காதால் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு ஒரு நாள் தலைவி அவளுடைய நாற்காலியில் வந்து படுத்தாள்.

தெரிந்தவர்கள் யாரும் வராத க்ளினிக்காகத் தேடிப் பிடித்து, ஊரைக் கடந்து வந்திருந்தாள். கொறடு தொப்பி, கண்ணாடி, முகமூடி எல்லாம் போட்டிருந்தாள். அந்த ஊர் பாஷையில் வரவேற்று, எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டாள். கழற்றுகிற பல் ஏதாவது இருக்கிறதா?

தலைவி கதவைப் பார்த்தாள். கதவு சாத்தியிருக்கிறது என்று தெரிந்ததும் கட்டை விரலை வாய்க்குள் விட்டு ஒரு நெம்பு நெம்பினாள். மேல்வரிசை முன்பற்கள் நான்கும் ரோஸ் நிறத் தகட்டோடு கையில் வந்தன. கொறடு அதைச் சின்னக் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டாள். வாசற்கதவைப் பெயர்த்த வீடு மாதிரி இருந்தது தலைவியின் முகம்.

அந்தச் சிரிப்பு! ஊரையே உள்ளே இழுத்த அந்தச் சிரிப்பு இப்போது கிண்ணத்தில் கிடந்தது.

கொறடு குழாயடியில் தகட்டைக் கழுவினாள். இரண்டு பக்கமும் இருந்த கம்பிக் கொக்கியை விரலால் அசைத்துப் பார்த்தாள். நல்ல கைவேலை. அசைந்து கொடுக்கவில்லை. பிறகு கிண்ணத்தைத் தலைவியின் கைக்கு எட்டாத மேடையில் வைத்துவிட்டு முகமூடியை இறக்கினாள்.

“வாங்கக்கா. சௌக்கியமா?”

தலைவியின் கை தானாக வாயைப் பொத்தியது. எழுந்திருக்கப் பார்த்தாள். நாற்காலி தலை தாழ்ந்து கால் தூக்கிய வாக்கில் இருந்ததால் கவிழ்ந்த கரப்பான் மாதிரி கையும் காலும்தான் ஆடின.

“படுங்கக்கா. நிறையக் கறை இருக்கு. வாயத் திறங்க.”

வேண்டுமென்றால் வலிக்க வைக்கலாம். ஈறோரத்தில் கறை சுரண்டும் ஊசி ஒரு மயிரிழை வழுக்கினால் போதும். கொறடு வழுக்கவிடவில்லை. ஈறு வலி ஒரு நாளில் ஆறிவிடும். இவ்வளவு நாள் காத்திருந்தது அதற்கா? வேலையைச் சுத்தமாகச் செய்தாள். செய்துகொண்டே பேசினாள்.

“எல்லாரும் நல்லா இருக்காங்களா அக்கா?”

“ஆ.”

“தலையணை சுத்தி வருதா?”

“ஆ... ஆ.”

“மாமாவுக்குத் தெரியுமா, இது செட்டுப் பல்லுன்னு?”

உறிஞ்சுகுழாய் மட்டும் கொர்ரென்றது. தலைவியின் கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

வாய் கொப்பளித்ததும் தலைவி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “யாழ்கிட்டயும் ஹொல்லிடாதேடி.” முன்னால் தடுக்கப் பல் இல்லாமல் காற்று வார்த்தைகளை அடித்துக்கொண்டு போயிற்று. “ஹத்தியமா ஹொல்லு.”

கொறடு குனிந்து அவள் காதருகில் சொன்னாள்.

“ச்சீ பைத்தியமே. என்கிட்ட சொன்னா கிணத்துல போட்ட கல்லு மாதிரி.”

தலைவியின் பிடி தளர்ந்தது. எங்கே, யார் சொன்ன வார்த்தை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அன்று மாலையிலிருந்து தலைவியிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. கொறடு எடுக்கவில்லை. சனிக்கிழமை நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு தலைவி வீட்டு மணியை அடித்தாள்.

பேக்கரிதான் கதவைத் திறந்தாள். “அடியே கொறடு! உயிரோடதான் இருக்கியா? அக்கா, யாரு வந்திருக்கான்னு பாருங்க!”

தலைவி பார்த்தாள். கையில் இருந்த டீத் தட்டைப் பக்கத்தில் கண்ட இடத்தில் வைத்தாள்.

கொறடு நேராகப் போய்த் தலையணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லோர் கையிலும் டம்ளர் வந்ததும் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “ரொம்ப நாள் கழிச்சு வந்திருக்கேன். நான் ஆரம்பிக்கிறேன். எங்க க்ளினிக்குக்கு வர்றவங்களப் பத்தி ஒரு விஷயம்.”

“ஐயோ சொல்லு சொல்லு” என்று எல்லோரும் முன்னால் நகர்ந்தார்கள்.

“இரு” என்றாள் தலைவி. “நான் முதல்ல பேசிடறேன்.”

“தலையணை அவகிட்டல்ல இருக்கு? சட்டம் போட்டதே நீங்கதான்க்கா” என்று பேக்கரி சிரித்தாள்.

“பரவால்ல, பெரியவங்க ஆசைப்படறாங்க” என்று கொறடு தலையணையைத் தூக்கித் தலைவியின் மடியில் போட்டாள்.

தலைவி அதன் உறையைப் பிசைந்தாள். “கொறடு விஷயத்துல நான் ஒரு சின்னத் தப்பு பண்ணிட்டேன்...”

கொறடு சுட்டுவிரல் நகத்தால் தன் முன்பல்லை ஒரு தட்டுத் தட்டினாள். டிக்.

“சின்னத் தப்பு இல்ல. பெரிய தப்பு. அவ குடும்ப விஷயத்த என்கிட்ட நம்பிச் சொன்னா. யார்கிட்டயும் சொல்லாதேன்னுதான் சொன்னா. அவ நல்லத நெனச்சு நான்...”

டிக்.

“நல்லத நெனச்சு இல்ல.”

ஹாலில் யாரும் டீ குடிக்கவில்லை. பேக்கரி மட்டும், உள்நோக்கம் எதுவும் இல்லாமல், கேட்டாள்: “அப்ப எதுக்குக்கா சொன்னீங்க?”

தலைவி கொறடின் விரலைப் பார்த்தாள். விரல் உதட்டருகில்தான் இருந்தது. அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அன்னைக்குப் பேச வேற எதுவும் இல்ல. நீங்கள்லாம் போனையே நோண்டிட்டு இருந்தீங்க. இதச் சொன்னதும் எல்லாரும் என்னப் பார்த்தீங்க.”

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“நான் சொல்லக் கூடாததச் சொன்னேன். என்னாலதான் அவ புருஷன் போனான். அவ குடும்பத்த நான் கெடுத்தேன்.”

வந்துவிட்டது. கொறடு எதிர்பார்த்ததைவிடத் தெளிவாக, ஒரு எழுத்து சிதையாமல் வந்தது. அந்தப் பல்செட் செய்தவன் கெட்டிக்காரன். மனசு லேசாகிவிடும், பாரம் இறங்கிவிடும் என்றெல்லாம் சொல்வார்கள். அப்படி எதுவும் ஆகவில்லை. புருஷன் திரும்பி வரப்போவதில்லை. கவிழ்த்த டம்ளர் கவிழ்த்ததுதான். ஆனால் கேட்க இனிப்பாக இருந்தது. இன்னும் கொஞ்சம் வேண்டும் போலவும் இருந்தது.

“ஆமா, நீ என்னவோ க்ளினிக் விஷயம்னியே?” என்றாள் பேக்கரி, பேச்சை எங்கேயாவது திருப்பினால் போதும் என்ற மாதிரி.

“அதுவா? எல்லாரும் ராத்திரி பல்லு தேய்க்காமயே தூங்கறீங்க. வர்றவங்க வாயப் பார்த்தாலே தெரியுது. அதத்தான் சொல்ல வந்தேன்.”

“அடச்சீ, இதுக்கா இவ்வளவு பீடிகை!” ஹால் கலகலத்தது. தலைவி சிரிக்கவில்லை. இத்தனைக்கும் தான் வாயைத் திறக்கத் தேவையே இருந்திருக்கவில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கொறடு கிளம்பியபோது தலைவி செருப்பு வைக்கும் இடம் வரைக்கும் பின்னாலேயே வந்தாள்.

“இப்ப திருப்தியாடி உனக்கு?”

கொறடு குனிந்து செருப்பு வாரைப் போட்டுக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். “அக்கா, உங்க நல்லதுக்குச் சொல்றேன். அன்னைக்கே பார்த்தேன், அந்தக் கம்பி கொஞ்சம் லூஸா இருக்கு. அடுத்த தடவை வரும்போது டாக்டர்கிட்ட சொல்லி இறுக்கிக்கலாம். அது வரைக்கும் சத்தமா மட்டும் சிரிச்சிடாதீங்க. நாலு பேர் முன்னால விழுந்துச்சுன்னா அசிங்கம்.”

தலைவியின் கை வாய்க்குப் போயிற்று.

கொறடு படி இறங்கினாள். ஒரு மாடி இறங்கியிருப்பாள், மேலே பேக்கரி ஏதோ சொன்னாள் போலிருக்கிறது, கொல்லென்று சிரிப்புச் சத்தம் கேட்டது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று ஒவ்வொரு குரலாகப் பிரித்துக் கேட்டாள். பேக்கரி இருந்தாள். மற்றவர்கள் இருந்தார்கள். ஊரையே கூப்பிடும் அந்த ஒரு சிரிப்பு மட்டும் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டு மீதிப் படிகளை இறங்கினாள்.