திரிக்கோல்காரனின் வாய்

ஒல்லாந்தப் பீரங்கிக்காரனுக்கு எல்லாம் வந்துவிட்டது. அகன்ற தொப்பி, முழங்காலோடு கட்டிய காற்சட்டை, பீரங்கிக்கு நெருப்பு வைக்க எரியும் திரி சுற்றிய கோல். விரல் நீளமே உள்ள அந்த மனிதனின் சப்பாத்துக் குதியில் தேய்வுகூட விழுந்திருந்தது. முகம் மட்டும் வரவில்லை.

பெல்ஜியத்திலிருந்து பொம்மைக் கம்பனிக்காரர் எழுதியிருந்த மின்னஞ்சலைப் பிரியந்தினி பத்துத் தரமாவது வாசித்திருப்பாள். கழுத்துக்குக் கீழே ஒரு குறையும் இல்லையாம். தலைதான் சரியில்லையாம். 'இவன் ஒரு நாளைக்கு இருபது தடவை பீரங்கி வெடிக்க வைக்கிறவன். நீங்கள் செய்திருப்பதோ, தன் தலையில் குண்டு விழப்போகிறதென்று காத்திருக்கிற ஒருவனின் முகம்' என்று எழுதியிருந்தார். இரண்டு கிழமைக்குள் புதுத் தலை வராவிட்டால் தங்கள் ஆளைக் கொண்டு செய்விப்பார்கள். அப்போது பொம்மை விற்கிற பெட்டியில் அந்த ஆளின் பெயர்தான் வரும்.

அந்தப் பெட்டியில் தன் பெயரைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே ஆசை. பன்னிரண்டு வருடமாக யாழ்ப்பாண நகரத்தில் பல் கட்டும் இடமொன்றில் வேலை செய்கிறாள். அவள் மெழுகில் செதுக்கிய பற்களால் எத்தனையோ பேர் சிரிக்கிறார்கள், முறுக்குக் கடிக்கிறார்கள். ஒருவருக்கும் அவள் பெயர் தெரியாது. அதே கருவிகளால், மஞ்சளையும் நீலத்தையும் பிசைந்தால் பச்சையாகிற புட்டிப் பசையில், பொழுதுபோகாத ஞாயிறுகளில் சின்னச் சின்ன மனிதர்களைச் செய்து, படமெடுத்து இணையத்தில் போட்டாள். அதைப் பார்த்துத்தான் கம்பனிக்காரர் கேட்டார். இது அச்செடுக்கப் போகிற மூலப் பொம்மை. தலை, கை, கோல் எல்லாம் தனித்தனியாக முந்நூறு பெட்டிகளில் போகும். வாங்குகிறவர்கள் ஒட்டி, தாங்களே வர்ணம் பூசுவார்கள்.

கச்சான் பருப்பளவுதான் தலை. நான்கு செய்தாள். நான்கும் வாயைத் திறந்துகொண்டன.

"மச்சாள், உவன் என்ன, பல்லுக் கட்ட வந்தவனோ? வாயை ஆவெண்டு கொண்டு நிக்கிறான்" என்றாள் றெஜினா. அண்ணையின் மனைவி. ஒரே வளவுக்குள் இரண்டு வீடு. தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்ப்பது அவள் வழக்கம்.

"சண்டைக்காரன் மச்சாள். ஒல்லாந்துக்காரன்."

"சண்டைக்காரனோ? எனக்கெண்டால் பூசையிலை சுவாமியாரிட்டை வாயிலை நன்மை வாங்க நிக்கிறவன் மாதிரிக் கிடக்கு."

பிரியந்தினி சிரித்தாள். றெஜினா போன பிறகு கண்ணாடியை எடுத்துத் தன் முகத்தைப் பார்த்தாள். கீழ்த்தாடை இறங்கி, கழுத்து தோளுக்குள் ஒடுங்கி, புருவம் மேலேறி. எங்கே பழகியது என்று அவளுக்குத் தெரியும். வளவில் வெட்டிய பங்கருக்குள் அம்மா அவள் நாடியைப் பிடித்து இழுத்துச் சொன்னது: "வாயை மூடாதை பிள்ளை. செல் விழேக்கை மூடினால் காதுச் சவ்வு கிழிஞ்சு போம்." அவளுக்குப் பதினாறு வயது. ஆவணி மாதம். ஒன்பது நாள் அப்படியே இருந்தார்கள்.

அந்த ஆவணியில் அண்ணை ஜெறோம் கடலுக்கு அங்கால் இருந்தார், இயக்கத்தின் பீரங்கிப் பிரிவில். வந்து விழுந்த செல்களில் எது எந்தப் பக்கத்தது என்று பங்கருக்குள் யாரும் கேட்கவில்லை. பிறகு எல்லாம் முடிந்து, முகாமிலிருந்து இடது காது கேளாதவராக அண்ணை வீட்டுக்கு வந்தபோதும் யாரும் கேட்கவில்லை. குருநகர் இறங்குதுறையில் நண்டு வலைத் தொழில் செய்தார். கதைக்க வேண்டிய இடத்தில் மட்டும் கதைத்தார். அவருடைய வலது பக்கமாகப் போய் நின்று கதைக்க வேண்டும் என்பதைத் தவிர, அந்தக் காலத்தைப் பற்றி அந்த வளவில் வேறு எதுவும் பேசப்படவில்லை.

சுடுகிறவனின் முகம் எப்படியிருக்கும் என்று கேட்பதற்கு உலகத்திலேயே அவளுக்கு இருந்த ஒரே ஆள் பத்தடி தூரத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். இரண்டு தரம் எழும்பிப் போனாள். ஒருமுறை "சாப்பிட்டனியோ அண்ணை" என்று கேட்டுவிட்டு வந்தாள். மற்ற முறை அதுவும் கேட்கவில்லை.

தவணைக்கு ஐந்து நாள் இருக்கையில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பின்நேரமே இருட்டி, கரண்டும் நின்றுவிட்டது. எல்லோரும் அண்ணை வீட்டு விறாந்தையில் இருந்தார்கள். மண்டைதீவுப் பக்கம் ஒரு மின்னல் வெட்டியது. றெஜினா "யேசுவே" என்று காதைப் பொத்தினாள். பிரியந்தினியின் வாய் தன்பாட்டில் திறந்தது.

அண்ணையின் கை வலையில் நின்றது. முகம் மின்னல் வெட்டிய பக்கம் திரும்பியது. உதடுகள் மூடி, அதற்குள் நாக்கு எதையோ எண்ணுவதுபோல் மெல்ல நகர்ந்தது. இடி விழுந்தபோது இமைகூட ஆடவில்லை.

"மூண்டு கிலோமீற்றர்" என்றார், வலையைப் பார்த்து.

"ஆரப்பா உங்களைக் கேட்டது? மழைக்கு மீற்றர் பிடிக்கிறாராம்" என்றாள் றெஜினா.

இன்னொரு மின்னல். இன்னொன்று. வெளிச்சம் வந்த ஒவ்வொரு முறையும் பிரியந்தினி அந்த முகத்தையே பார்த்தாள். அதில் கோபம் இருக்கும் என்று அவள் இத்தனை வருடம் நினைத்திருந்தாள், அல்லது குறைந்தது பயமாவது. ஒன்றும் இல்லை. ஊசியில் நூல் கோக்கிற ஒருவரின் முகம் அது. கிட்டத்தட்ட அன்பான முகம். விறாந்தைக்குள் சாரல் அடித்தது. அவளுக்குக் குளிர்ந்தது.

ஐந்தாவது தலை ஒரே இருப்பில் வந்தது. புருவத்தை இறக்கினாள். கழுத்தை வெளியே எடுத்தாள். கடைசியாக ஊசி முனையால் இரண்டு உதடுகளையும் மூடினாள். படம் அனுப்பி ஒரு மணித்தியாலத்தில் பதில் வந்தது. 'இவன்தான். எங்கே பிடித்தீர்கள் இவனை? பெட்டியில் உங்கள் பெயரை எப்படிப் போடுவது என்று எழுதுங்கள்.'

பதில் எழுத அவள் ஃபோனைக் கையில் எடுத்தபோது அண்ணை வந்தார். உள்ளங்கையில் மீன்முள் ஏறியிருந்தது. பூதக்கண்ணாடி விளக்கின் கீழே கையை நீட்டியவர், பக்கத்தில் ஓட்டுத் துண்டின் மேல் வரிசையாக இருந்த தலைகளைக் கண்டார்.

"உவை ஆர்?"

அவள் வலது பக்கமாக வந்தாள். "பிழைச்ச தலையள் அண்ணை. அவங்கள் வேண்டாமெண்டிட்டாங்கள்."

"ஏன் எல்லாரும் வாயைப் பிளந்து கொண்டு இருக்கினம்?"

சும்மா ஏதாவது சொல்லியிருக்கலாம். உண்மையையே சொன்னாள். "செல் விழேக்கை வாயை மூடக்கூடாதெண்டு அம்மா சொன்னவா. பங்கருக்குள்ளை அப்பிடித்தான் இருந்தனாங்கள். கை தன்பாட்டிலை செய்து போட்டுது."

"எப்ப?"

"எனக்குப் பதினாறு வயசு. ஆவணி."

அவர் கண்ணாடியை மெல்ல ஒல்லாந்துக்காரனின் பக்கம் திருப்பினார். நெடுநேரம் பார்த்தார். தன் கீழுதட்டை ஒரு விரலால் தொட்டுக்கொண்டார்.

"உவன் எண்ணுறான்" என்றார்.

"ஓம் அண்ணை."

கண்ணாடி திரும்பவும் அந்த நான்கு தலைகளுக்கு மேல் வந்து நின்றது. அவருடைய உதடுகள் மூடின. மின்னலுக்குத் திரும்பிய அதே முகம், இப்போது கடல் பக்கம் திரும்பியது. அங்காலிருந்து அந்தப் பங்கருக்கு எவ்வளவு தூரம் என்று அவர் அளக்கிறார் என்பது அவளுக்கு விளங்கியது. நிறுத்தச் சொல்ல நினைத்தாள். அதற்குள் அளந்து முடிந்துவிட்டது.

"பதினொண்டு" என்றார்.

முள்ளை எடுக்காமலே எழும்பினார். வாசலில் நின்று கேட்டார்:

"பெட்டியிலை பேர் போடுவாங்களோ?"

"ஓம்."

"ஆற்றை பேர்?"

"என்ரை பேர்தான் அண்ணை."

"அப்பச் சரி."

போய்விட்டார். அன்று அவர் தொழிலுக்குப் போகவில்லை என்று பிறகு றெஜினா சொன்னாள். மழைக்குள் படகில் ஏறிச் சும்மா இருந்தாராம். கூப்பிட்டதற்குத் திரும்பவில்லையாம், எந்தக் காதால் கேட்கவில்லையோ.

பிரியந்தினி ஃபோனை எடுத்தாள். பிரியந்தினி யாகோப்பு என்று எழுதினாள். எத்தனையோ ஞாயிறுகள் கொப்பிகளில் எழுதிப் பார்த்த பெயர். யாகோப்பு அப்பாவின் பெயர். ஜெறோமுக்குப் பின்னாலும் அதே பெயர்தான் நிற்கிறது. அதை எழுத்தெழுத்தாக அழித்தாள். மீதியாக இருந்ததை அனுப்பினாள்.

பிறகு நான்கு தலைகளையும் பஞ்சில் சுற்றி, பல் வைக்கிற சின்னப் பெட்டி ஒன்றுக்குள் வைத்து மூடினாள்.