டிரம்பிராக் தொகுதியின் மழை

டிரம்பிராக் தொகுதி எட்டு வருஷம்தான் இருந்தது. அதில் ஏழு வருஷம் அதன் எல்லைக்குள் மழை விடவே இல்லை. எல்லைக்கு வெளியே மழை எப்போதும்போல வந்து போனது. 1969இல் அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் உட்கார்ந்து தொகுதிக்குக் கோடு போட்டவர்கள் ஆற்றையும் பார்க்கவில்லை, வேலியையும் பார்க்கவில்லை. கோடு வின்னி கெவனியின் புல்வெளியைக் குறுக்கே வெட்டியது. மேற்குப் பாதியில் புல் அழுகியது. கிழக்குப் பாதியில் நன்றாகக் காய்ந்து புற்போரானது.

மழை விடாததற்குக் காரணமான தப்பு, தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் மலாக்கி டோலனுடையது. யாருக்காவது பென்ஷனோ தொலைபேசியோ தானாகவே வந்தாலும், அமைச்சர் காதில் போட்டது நான்தான் என்று கடிதம் எழுதிவிடுவது அந்தப் பக்கத்து உறுப்பினர்களின் வழக்கம். தொகுதி பிறந்த அடுத்த வருஷக் கோடையில் ஊரே காய்ந்து கிடந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை தூறல் விழுந்தது. மழையைக் கொண்டுவந்ததும் நான்தான் என்று மலாக்கி கைப்பழக்கத்தில் வீட்டுக்கு வீடு அதே மாதிரிக் கடிதத்தை அனுப்பிவைத்தார். அதற்குப் பிறகு தூறல் நிற்கவில்லை. கொண்டுவந்தவனுக்குத்தான் நிறுத்தவும் தெரியும் என்று 1973இலும் அவருக்கே ஓட்டுப் போட்டார்கள்.

சனிக்கிழமைதோறும் மதுக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து குறை கேட்பார். சொட்டச் சொட்ட வரிசை நிற்கும்.

"ஏம்ப்பா மலாக்கி, வரவைக்கத் தெரிஞ்ச ஒனக்கு நிறுத்தத் தெரியலையா? இன்னிக்கு ரெண்டு பசுவ வித்துட்டேன்," என்றாள் வின்னி.

"அமைச்சருக்கு எழுதியிருக்கேன் வின்னிம்மா."

உண்மையைச் சொன்னால் பதவி போகும். சொல்லாவிட்டால், அவர் நிறுத்துவார் என்று காத்திருந்தே வின்னியின் மிச்ச மாடுகளும் போகும். வெட்கம் அவரை அரித்தது. கடைசியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்தவர்கள் முன்னால் தேவாலயச் சுவர்மேல் ஏறி நின்றார்.

"மழைக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நான் சொன்னது பச்சப் பொய்."

"அடேயப்பா, மனுஷனுக்கு என்ன அடக்கம் பாரு!" என்று கை தட்டினார்கள்.

1977இல் தொகுதியை மூன்றாகப் பிய்த்துப் பக்கத்துத் தொகுதிகளோடு ஒட்டினார்கள். அந்த வருஷத் தேர்தலில் மலாக்கி தோற்றார். முடிவு வந்த அன்று மதியம் மழை எல்லா இடத்திலும் நின்றது, அவர் தலைக்கு மேல் தவிர. ஒரு வண்டியகலத்துக்கு அவர் போன இடமெல்லாம் கூடவே போனது. அவர் மனைவி டெலியா வாசலிலேயே துண்டு வைத்துக்கொண்டாள். ஊரில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

அடுத்த வறட்சியில் வின்னிதான் முதலில் கூப்பிட்டாள். மலாக்கி அவள் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் சால் சாலாகக் காலையிலிருந்து நடந்தார். வேலியோரம் அவள் சூடாகத் தேநீர் கொடுத்து, "ரொம்ப நன்றிப்பா," என்றாள். தான் உண்மையிலேயே செய்த வேலைக்கு ஒருவர் நன்றி சொல்லிக் கேட்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. கால் கடுத்தது. அடுத்த தோட்டத்துக்காரர் வேலிக்கதவைத் திறந்து வைத்திருந்ததால், கோப்பையைக் கொடுத்துவிட்டுப் போனார்.