நாலு மணிக்குள் ஒரு கையெழுத்து

அம்சவள்ளி அந்த நாடகத்தை ஒன்பது முறை பார்த்திருந்தாள். பத்தாவது முறைக்கான டிக்கெட் கைப்பைக்குள் இருந்தது. அதுதான் கடைசி ஆட்டமா, இல்லை இன்னும் ஒரு மாதம் நடக்குமா என்பது அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள் முடிவாக வேண்டும்.

விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுச்சேலைப் பிரிவில் பதினாறு வருடமாக நிற்கிறவள் அவள். வீடு வளவனூரில். காலையில் ஒரு பஸ், ராத்திரி ஒரு பஸ், நடுவில் நாள் முழுக்கச் சேலை பிரித்துப் போட்டு மடித்து வைப்பது என்று போய்க்கொண்டிருந்தவளை, வாடிக்கைக்காரம்மா ஒருத்தி மிச்சமாயிருந்த ஒரு டிக்கெட்டைக் கொடுத்துத் திண்டிவனத்துக்கு அனுப்பினாள். நாடகத்தின் பெயர் ‘கல்மடைக் கன்னி’.

கதை அவளுக்குத் தெரிந்ததுதான். ஏரிக்கரை வருடா வருடம் உடைகிறது. ஒரு கன்னிப்பெண்ணை மடைக்குள் வைத்துக் கட்டினால் கரை நிற்கும் என்று குறி சொல்கிறார்கள். அண்ணன்மார் வந்து கேட்டதும் தங்கை சிரித்த முகத்தோடு குழியில் இறங்கித் தெய்வமாகிவிடுவாள். கூத்தில் அப்படித்தான் ஆடுவார்கள். கோதண்டபாணி என்கிற டைரக்டர் அதைப் புதிதாக எழுதி, கீபோர்டும் வயலினும் பம்பையும் பறையும் சேர்த்து, இருபத்திரண்டு பாட்டோடு மேடையேற்றியிருந்தார். இதில் குழிக்குள் இறங்கிய பெண் கல் வைக்க விடுவதில்லை. கரையை ஏன் கோடையிலேயே பலப்படுத்தவில்லை என்று ஊரைப் பார்த்துக் கேட்கிறாள். பதினோரு நிமிடப் பாட்டு அது. பாடியவள் மலர்விழி, திண்டிவனத்துப் பெண். பின்னாலிருந்து ஓடவிட்ட பாட்டுக்கு வாயசைப்பதில்லை. நெஞ்சைப் பிளந்துகொண்டு வருகிற மாதிரி நின்று பாடுவாள். முதல் நாள் அதைக் கேட்டுவிட்டு வந்த அம்சவள்ளிக்கு, விழுப்புரத்தில் இறங்கி வளவனூர் பஸ் மாறியதுகூட நினைவில்லை.

வெள்ளி, சனி, ஞாயிறு என்று எட்டு வாரம் ஆடுவதாக ஏற்பாடு. கொட்டகை பழைய சினிமா தியேட்டர். அதன் சொந்தக்காரர் துரைக்கண்ணு ஆவணி பிறந்ததும் அதை இடித்துக் கட்டிக் கல்யாண மண்டபமாக்கப் போகிறார் என்று தெரிந்ததும் முதலில் பதறியவள் அம்சவள்ளிதான். பக்கத்து சீட்டில் அடிக்கடி உட்காரும் பானுப்ரியா என்ற கல்லூரிப் பெண்ணிடம் சொன்னாள். அந்தப் பெண் அன்றே வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் தொடங்கினாள். மூன்று வாரத்தில் அறுநூறு பேர். ஷேர் ஆட்டோக்களின் முதுகில் போஸ்டர் ஒட்டினார்கள். விக்கிரவாண்டியிலும் கூட்டேரிப்பட்டிலும் பஸ் நிறுத்தத்தில் நின்று கையெழுத்து வாங்கினார்கள். அம்சவள்ளி கடைக்கு வருகிறவர்களிடம் முந்தானையைப் பிரித்துக் காட்டிக்கொண்டே நாடகத்தைப் பற்றிச் சொல்வாள். மேனேஜர் இரண்டு முறை கூப்பிட்டுக் கண்டித்தார். நாலாயிரத்துச் சொச்சம் கையெழுத்து சேர்ந்தது.

துரைக்கண்ணு முதலில் சிரித்தார். கட்டுக்கட்டாகக் காகிதத்தைக் கொண்டுபோய் மேஜையில் வைத்த பிறகு சிரிப்பு போய் யோசிக்க ஆரம்பித்தார். கடைசியில் நாலு வாரம் தருவதாகச் சொன்னார். நாடகக்காரர்கள் எல்லோரும் ஆடுவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டு ஞாயிறு நாலு மணிக்குள் தரவேண்டும், தராவிட்டால் திங்கட்கிழமை கொத்தனார்கள் வந்துவிடுவார்கள் என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டார்.

ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்குக் கடிதத்தில் பதினோரு கையெழுத்து இருந்தது. மலர்விழியுடையது மட்டும் இல்லை. போனை எடுக்கவில்லை. கோதண்டபாணிக்கு வேர்த்துக் கொட்டியது. கடிதத்தை அம்சவள்ளியிடம் நீட்டினார்.

“நீங்க போங்கம்மா. மூணாவது வரிசை அக்கா, மூணாவது வரிசை அக்கான்னு உங்களப் பத்திதான் பேசும் அது. நீங்க கேட்டா போட்டுடும்.”

மலர்விழியின் வீடு தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த தெருவில். கதவைத் திறந்த அவள் அப்பா அந்தோணிசாமி, கேட்பதற்கு முன்பே, மகள் யாரையும் பார்க்கிறதில்லை என்றார். உள்ளேயிருந்து கைதட்டும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

மலர்விழி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் ஆளுயரத்துக்கு மேல் தெரிகிறவள், பக்கத்தில் பார்த்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல இருந்தாள். கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. சிரித்தாள், ஒன்றும் பேசவில்லை. அம்சவள்ளி கடிதத்தைப் பற்றி, துரைக்கண்ணு சம்மதித்ததைப் பற்றி, கொட்டகை வாசலில் கூட்டம் லட்டு டப்பாவோடு காத்திருப்பதைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னாள். மலர்விழி போனை எடுத்து எதையோ தட்டி அவள் பக்கம் திருப்பினாள்.

குரல்நாணில் இரண்டு பக்கமும் கட்டி என்று எழுதியிருந்தது. பாண்டிச்சேரி டாக்டர் ஆறு வாரம் வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லி இருபது நாளாகிறது. இன்னும் ஒரு மாதம் இப்படிப் பாடினால் ஆபரேஷன். அதற்கப்புறம் குரல் எப்படி இருக்கும் என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. இப்போது நாலு நாள் பேசாமல் சேர்த்து வைத்துத்தான் மூன்று நாள் பாடுகிறாள்.

அம்சவள்ளி இரண்டு தரம் படித்தாள். அந்த நேரத்தில் அவள் மனசில் ஓடியது என்ன என்பதைப் பிற்பாடு அவள் யாரிடமும் சொன்னதில்லை, அத்தனை வெட்கமாக இருந்தது. நாலு வாரம்தானே, பன்னிரண்டு ஆட்டம்தானே, இந்தக் காலத்தில் எந்தக் கட்டியைத்தான் எடுக்க முடியவில்லை என்று ஓடியது.

“டைரக்டருக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

மலர்விழி தலையாட்டி மறுத்தாள். மறுபடியும் தட்டினாள். தொண்டை போய்விட்டது என்று ஒரு முறை பேர் வந்துவிட்டால் அப்புறம் யாரும் பாடக் கூப்பிட மாட்டார்கள், நீங்களும் சொல்லக்கூடாது, அம்மா மேல் சத்தியம் பண்ணுங்கள் என்றிருந்தது. அம்சவள்ளி சத்தியம் பண்ணினாள்.

பிறகு மலர்விழி போனைக் கீழே வைத்துவிட்டு வாயால் பேசினாள். அம்சவள்ளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தகரத்தில் மண் உரசுகிற மாதிரி ஒரு சத்தம்.

“நீங்க கேட்டா போட்றேன்க்கா. வெயில்ல ரோட்ல நின்னு வாங்கிக்கினு வந்திருக்கீங்க. நான் எப்டி வேணாம்னு சொல்றது?”

வாசலில் நின்ற அந்தோணிசாமி முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். மலர்விழி கடிதத்தை வாங்கித் தொடைமேல் வைத்துக்கொண்டு பேனாவின் மூடியைக் கழற்றினாள். எங்கே போட வேண்டும் என்று இடம் பார்த்தாள். அம்சவள்ளி பார்த்துக்கொண்டே இருந்தாள். பேனா முனை காகிதத்தில் பட்டு ஒரு புள்ளி விழுந்தது. அந்தப் புள்ளியைப் பார்த்த பிறகுதான் அம்சவள்ளியின் கை போய்க் கடிதத்தின் மேல் அழுந்தியது.

“வேணாம்மா,” என்றாள். “நான் கேக்கல. நீ வாய மூடிக்கினு ரெஸ்ட் எடு.”

வெளியே வந்தபோது மூன்று மணி பத்து நிமிடம். கொட்டகைக்குப் பதினைந்து நிமிட நடை. அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள். என்ன சொல்வது என்று யோசித்து யோசித்துப் பார்த்தாள். எந்தப் பொய்யும் நிற்கவில்லை. ஊரில் இல்லை என்று சொன்னால் ஆறு மணிக்கு மேடையில் நிற்பாள். மறுத்துவிட்டாள் என்று சொன்னால் அறுநூறு பேரின் கோபமும் அந்தப் பெண்மேல் போய் விழும்.

வாசலில் நூற்றைம்பது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். அவளைப் பார்த்ததும் யாரோ விசில் அடித்தார்கள். துரைக்கண்ணு டிக்கெட் கவுன்டர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பானுப்ரியா ஓடிவந்து கடிதத்தைப் பிடுங்கிப் பார்த்தாள்.

“இன்னாக்கா, கையெழுத்து எங்க? புள்ளிதான் இருக்குது.”

“நான் கேக்கல.”

“கேக்கலயா? அதுக்குத்தான போனீங்க?”

“போனேன். கேக்க வேணாம்னு தோணுச்சு. எட்டு வாரம் ஆடுறோம்னு சொன்னாங்க, ஆடிட்டாங்க. போதும்.”

கூட்டத்துக்குள் விஷயம் பரவ ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆளாளுக்குக் கேட்டார்கள். அம்சவள்ளி அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். மண்டபக்காரரிடம் காசு வாங்கிவிட்டாள் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நாற்காலியில் இருந்த துரைக்கண்ணு தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று புரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தார். காந்திமதி என்கிற டீச்சர், வெயிலில் அம்சவள்ளியோடு கூட்டேரிப்பட்டில் நின்றவள், லட்டு டப்பாவை மூடிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு விலகிப் போனாள். அதுதான் அம்சவள்ளிக்கு அதிகம் வலித்தது.

கோதண்டபாணி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். நேரம் நாலுக்குப் பத்து. பானுப்ரியா கையிலிருந்து கடிதத்தை வாங்கினார். பைக் இருக்கிறது, தானே போய் ஐந்து நிமிடத்தில் வாங்கி வந்துவிடுவதாகச் சொன்னார். அவர் போய் நின்றால் மலர்விழி போட்டுவிடுவாள். அது அம்சவள்ளிக்கு நன்றாகத் தெரிந்தது. பேனாவைத் திறந்த அந்தக் கையை அவள் பார்த்திருக்கிறாள்.

பைக் சாவியை எடுக்க அவர் கடிதத்தை இடது கைக்கு மாற்றினார். அம்சவள்ளி அதை உருவினாள். இரண்டாகக் கிழித்தாள். சேர்த்து வைத்து மறுபடியும் கிழித்தாள். பதினாறு வருடத்தில் கடையில் ஒரு பில்லைக்கூடத் தப்பாகக் கிழித்தவளில்லை.

கோதண்டபாணி அவள் கையையே பார்த்தார். பிறகு கையை ஓங்கினார். பானுப்ரியாதான் குறுக்கே வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“சார், வேணாம். விடுங்க.”

துரைக்கண்ணு எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார்.

“உங்களுக்குள்ளயே இத்தினி பேஜாரு. நான் எதை நம்பி நாலு வாரம் குடுக்கிறது? இன்னிக்கு ஆட்டத்த நல்லபடியா முடிச்சுட்டுப் போங்க. நாளைக்கு ஆளுங்க வர்றாங்க.”

அவர் போய்விட்டார். அவரை மறிக்க யாருக்கும் தெம்பில்லை.

ஆறு மணி ஆட்டத்துக்கு அம்சவள்ளி போனாள். அவளுடைய வழக்கமான மூன்றாவது வரிசையில் இரண்டு பக்கத்து இருக்கைக்காரர்களும் எழுந்து வேறு இடம் போய்விட்டார்கள். நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மலர்விழி முதல் பாட்டைப் பாடினாள். குரலில் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் அப்படித்தான். மத்தியானம் தான் கேட்ட மண் உரசும் சத்தம் கனவோ என்று அம்சவள்ளிக்குச் சந்தேகம் வந்தது. அவசரப்பட்டுவிட்டோமோ என்று நினைத்தாள்.

குழிக்குள் நின்று பாடும் பாட்டு வந்தது. எட்டாவது நிமிடத்தில், உச்சிக்கு ஏறுகிற இடத்தில், குரல் இரண்டாகப் பிளந்து நின்றது. வாய் திறந்திருந்தது, காற்று மட்டும் வந்தது. அம்சவள்ளி இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். பறையடித்தவர் நிலைமை புரிந்து ஓங்கி அடித்து அந்த இடத்தை நிரப்பினார். மலர்விழி கண்ணை மூடி, மூச்சு வாங்கி, மிச்ச வரிகளைப் பாடாமல் பேச்சாகவே சொல்லி முடித்தாள். அழுகை தொண்டையை அடைத்ததாக நினைத்து ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. அம்சவள்ளியால் எழ முடியவில்லை. பக்கத் திரையோரம் நின்ற கோதண்டபாணியும் கைதட்டவில்லை.

ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது அவர் அவளைத் தேடிக்கொண்டு வந்தார்.

“எப்பலேருந்து தெரியும்?” என்று மெதுவாகக் கேட்டார்.

சத்தியம் ஞாபகம் வந்தது. அம்சவள்ளி ஒன்றும் சொல்லாமல் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து போனைப் பார்த்தபோது குரூப்பிலிருந்து அவளை நீக்கியிருந்தார்கள்.

பிறகு நாலைந்து மாதம் அவள் திண்டிவனம் பக்கமே போகவில்லை. கடையில் யாரும் நாடகத்தைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுவாள். மலர்விழி ஆபரேஷன் இல்லாமல் தப்பித்தாள் என்று அந்தோணிசாமி போன் பண்ணிச் சொன்னார். ஆனால் பழைய உயரத்துக்குக் குரல் ஏறவில்லையாம், ஆறு கட்டைச் சுருதியில் பாடியவள் இப்போது நாலரைக்கு மேல் போகக்கூடாதாம்.

மாசி மாதம் ‘கல்மடைக் கன்னி’ விழுப்புரத்தில் ஒரு மண்டபத்தில் மறுபடியும் தொடங்கியது. கோதண்டபாணி மொத்தப் பாட்டையும் சுருதி இறக்கி அமைத்திருந்தார். அம்சவள்ளி கடையிலிருந்து நடந்தே போனாள். முன் வரிசைகளில் பழைய முகங்கள் நிறைய இருந்தன. காந்திமதி பார்த்தும் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தாள். பானுப்ரியா மட்டும் எழுந்து வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள்.

“சார் சொல்லித்தான் தெரியும். அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லக்கா,” என்றாள்.

“சத்தியம் பண்ணிட்டேன்.”

விளக்கு அணைந்தது. மலர்விழியின் குரல் தாழ்ந்து, கொஞ்சம் கரகரத்து வந்தது. அந்தப் பழைய கூர்மை இல்லை என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். அவர் சொன்னதில் பொய்யில்லை. ஒவ்வொரு பாட்டிலும், இதோ உடையப் போகிறது, இதோ உடையப் போகிறது என்று அம்சவள்ளி காத்துக்கொண்டே இருந்தாள். இடைவேளை விளக்கு எரிந்தபோதுதான் மற்றவர்கள் கைதட்டுவது காதில் விழுந்தது. பானுப்ரியா அவள் மடியைப் பார்த்தாள். நகம் பதிய மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, டீ வாங்கி வருவதாகச் சொல்லி எழுந்து போனாள்.