கட்டைக்காதனின் கடைசிப் பள்ளம்

மூன்றாவது கட்டத்தில், சுழலும் ரம்பத்தில் சிக்கிக் கட்டைக்காதன் செத்தபோது, "ஐயய்யோ, போச்சே!" என்று டிவியிலிருந்து என் மனைவி கத்தினாள். அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த என் மனைவி குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள், தண்ணீர்ச் சத்தத்தில் அந்தக் குரல் அமுங்கட்டும் என்று.

கட்டைக்காதன் ஒரு கழுதைக்குட்டி. காது குட்டை, உதை பலம். ஒரு காலத்தில் விடுமுறை நாள் காலைகளில் பிள்ளைகளை டிவி முன்னால் கட்டிப்போட்ட கார்ட்டூன் தொடரின் நாயகன். அவனுக்குக் குரல் கொடுத்தவள் இவள்தான், என் மனைவி. தொடர் ஓடிய ஓட்டத்தில் அதையே வீடியோ கேமாகவும் போட்டார்கள். தாவினால் ஒரு 'ஹோய்', அடிபட்டால் ஒரு 'ஆவ்', கேரட் கிடைத்தால் ஒரு சிரிப்பு, செத்தால் 'ஐயய்யோ, போச்சே'. எல்லாம் இவள் தொண்டையில் பிறந்தவை. போன தடவை வந்த மகள் பரணைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அந்தப் பழைய கேம் பெட்டியையும் கேசட்டையும் இறக்கி, டிவியில் மாட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். நான் லிஃப்ட் மெக்கானிக். வாழ்நாளெல்லாம் பொத்தான்களோடு மல்லுக்கட்டியவன். இந்த நாலு பொத்தான் என்ன பெரிய கம்பசூத்திரமா என்று உட்கார்ந்தேன். முதல் வாரம் முழுக்க முதல் கட்டத்தைத் தாண்டவில்லை.

இவளுக்குக் கழுத்தில் ஒரு கட்டியை எடுத்தார்கள். கட்டியால் ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் எடுத்த இடத்தில், குரல் நாண் இரண்டில் ஒன்று அசையாமல் நின்றுவிட்டது. மிச்சமிருந்தது காற்றும் கரகரப்பும்தான். பேச்சுப் பயிற்சி தருகிற பெண், எங்கள் மகளைவிடச் சின்னவள், பொறுமையாக விளக்கினாள். அசைகிற நாண் அசையாத நாணை எட்டிப் பிடிக்கப் பழக வேண்டும், பேசப் பேசத்தான் அது வரும், இப்போது விட்டுவிட்டால் பிறகு கஷ்டம் என்றாள். இவளும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தண்ணீர் கேன் கடைக்குப் போன் செய்து, வீட்டு எண்ணைச் சொல்லி, கேன் அனுப்பச் சொன்னாள். வருஷக்கணக்காக இவளை அக்கா என்று கூப்பிடுகிற கடைக்காரர், "சரிங்கண்ணே, அனுப்பிடுறேன்" என்றார். போனை வைத்தவள் அன்றோடு வாயையும் மூடிக்கொண்டாள்.

வாய் ஓயாதவள். குழம்பு கொதிக்கிறதா என்று பார்க்கும்போது குழம்போடு பேசுவாள், எறும்பு ஊர்ந்தால் எறும்பை விசாரிப்பாள். இப்போது அதிகாரமெல்லாம் டம்ளர் வழியாக. மேசையில் ஒரு தட்டு தட்டினால் சாப்பிட வா, இரண்டு தட்டினால் அதைத் தொடாதே. வீடு, பாதி வழியில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி ஆகிவிட்டது. விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, நகரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. பயிற்சிக்குப் போக வேண்டிய நாள். அன்றைக்கும் அம்மா வாயைத் திறக்கவில்லை என்றால் இனி வந்து பயனில்லை என்று அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். அதை இவளிடம் சொன்னபோது, கேட்ட மாதிரியே காட்டிக்கொள்ளாமல் துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

இவளைப் பேச வைக்க நான் ஏதோ திட்டம் போட்டுத்தான் விளையாடுகிறேன் என்று மகள் நினைக்கிறாள். எனக்கு அவ்வளவு மூளை கிடையாது. இவள் குரலைக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். போனில் இவள் பேசிய வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. அவற்றைப் போட்டுக் கேட்டால், செத்துப்போனவர்களை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலிருந்தது. கட்டைக்காதன் அப்படியில்லை. நான் பொத்தானை அழுத்தினால் அந்தக் குரல் எனக்குப் பதில் சொன்னது. முதல் நாள் இவள் வந்து பிளக்கைப் பிடுங்கினாள். மறுநாள் நான் மாட்டினேன். அதன் பிறகு பிடுங்கவில்லை, மிக்ஸியை ஓடவிட்டாள். நான் சத்தத்தைக் கூட்டினேன். இரண்டு பேரும் அப்படித்தான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தோம்.

அன்று சாயங்காலம் என்னவோ கை கூடி வந்தது. ரம்பத்தைத் தாண்டினேன். உருளும் பீப்பாய்களை உதைத்துத் தள்ளினேன். கயிற்றில் தொங்கும் குரங்குகளிடம் ஓர் உயிரைப் பறிகொடுத்து, மிச்சமிருந்த ஒரே உயிரோடு இதுவரை கண்ணாலும் பார்த்திராத கடைசிக் கட்டத்துக்குள் நுழைந்தேன். இந்த விளையாட்டில் பாதியில் நிறுத்தி வைக்கிற வசதியெல்லாம் கிடையாது. செத்தால் மறுபடி பிள்ளையார் சுழிதான். கட்டைவிரல் வியர்த்து வழுக்கியது. இருட்டான சர்க்கஸ் கூடாரம், பின்னால் பித்தளை யானை ஒன்று தரையதிர நடந்து வந்தது. அப்போதுதான் குழாய்ச் சத்தம் நின்றிருப்பதைக் கவனித்தேன். சோப்பு வாசனை என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது.

நான் திரும்பவில்லை. ஒலிப்பதிவுக்கூடத்தில் யாரோ ஒருவர் இதை ஆட ஆட, திரையைப் பார்த்துக் கத்தியவள் இவள். எங்கே என்ன ஒளிந்திருக்கிறது என்பது இவளுக்கு அத்துப்படி. ஓடிக்கொண்டே இருந்தேன். யானையும் ஓடத் தொடங்கியது. திடீரென்று தரை முடிந்தது. முன்னால் பெரிய பள்ளம். எதிர்க்கரை கண்ணுக்கெட்டிய தூரம் வரை இல்லை. கட்டைக்காதன் விளிம்பில் கால் தடுமாறி நின்றான்.

"எங்க போறதும்மா?" என்றேன்.

டம்ளர் இரண்டு முறை தட்டியது. எதைத் தொடக் கூடாது என்று விளங்கவில்லை. தாவும் பொத்தான் மேல் விரலை வைத்தேன். டம்ளர் மறுபடி தட்டியது, வேகமாக, மறுபடி, மறுபடி. யானையின் தும்பிக்கை திரைக்குள் நுழைந்துவிட்டது. இந்த உயிரும் போனால் நாளை வெள்ளிக்கிழமையும் போய்விடும் என்று, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல், என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"டம்ளர் பாஷை புரியலம்மா. குதிக்கவா?"

"குதிக்காதீங்க."

காற்றும் மணலும் கலந்த குரல். "விழுந்துடுங்க... அப்படியே உள்ள விழுந்துடுங்க."

இத்தனை கட்டமும் பள்ளம் என்றால் சாவு. இந்த ஒரு பள்ளம் மட்டும்தான் வழி. அவள் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. செய்ய வேண்டியது கட்டைவிரலை ஒரு நகத்தளவு நகர்த்துவதுதான். நான் மடையன், திரும்பி அவளைப் பார்த்தேன்.

"ஐயய்யோ, போச்சே!" என்றாள் டிவியில்.

திரை கறுத்தது. இவள் டம்ளரைக் கையில் பிடித்தபடி, முன்கையில் சோப்பு நுரை காய, என்னை முறைத்துக்கொண்டு நின்றாள்.

"என் மூஞ்சியில என்ன எழுதியா ஒட்டியிருக்கு? யானை வருதுல்ல... அங்க பாக்க வேண்டியதுதான?"

பாதிச் சொற்கள் காற்றாகப் போயின. நடுவில் நின்று நின்று மூச்சு வாங்கினாள். சொல்லி முடித்த பிறகுதான், தான் பேசிவிட்டது அவளுக்கே உறைத்தது போல, கை கழுத்துக்குப் போனது. நல்லா பேசுறியே என்று என் வாய் வரை வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் திரும்பி அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்திருப்பாள். இவளோடு இத்தனை வருஷம் வாழ்ந்த எனக்குத் தெரியாதா.

"சொல்றவ கொஞ்சம் முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றேன்.

பின்னால் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை, இந்த முறை கவனமாக. கண்ணீர் மறைக்க, ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கினேன். வெயிலடிக்கிற முதல் கட்டம். பச்சைப் புல், ஒரு கேரட், அதைத் தாண்டியதும் குழந்தைகூடக் கடந்துவிடுகிற சின்னப் பள்ளம். விளிம்பில் கட்டைக்காதனை நிறுத்தி, இரண்டு கட்டைவிரல்களையும் பொத்தான்களிலிருந்து எடுத்துவிட்டேன். அவன் குட்டைக் காதை ஆட்டிக்கொண்டு நின்றான். மேலே மூலையில் நேரம் குறைந்துகொண்டிருந்தது.

"இது குதிக்கிறதா, விழுறதா?" என்று கேட்டேன்.

பின்னால் அவள் மூச்சை இழுப்பது கேட்டது.